நல்லா இருக்குற பல்லுக்கு எதுக்கு சீலன்ட்?

"ஏழு வயசுப் பொண்ணுக்கு சொத்தையே இல்ல, ஆனா டாக்டர் கடைவாய்ப் பல்லுக்கு சீலன்ட் போடச் சொல்றாரு, ஆசிட் வேற வைப்பாங்களாமே, பயமா இருக்கு"ன்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. சீலன்ட்ங்கிறது கடைவாய்ப் பல்லோட பள்ளத்தை மூடுற ஒரு பூச்சு, அதைச் சொத்தை வர்றதுக்கு முன்னாடிதாங்க போடணும்.

ஆறு வயசு வாக்குல பால்பல் வரிசைக்குப் பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும், அது விழுந்து முளைக்கிற பல் இல்ல, ஆயுசுக்கும் அதான். அது மேல ஓடுற கோடு மாதிரி பள்ளங்கள் பல இடத்துல பிரஷ் நாரை விட ஒல்லி, எவ்ளோ தேய்ச்சாலும் அடி வரைக்கும் போகாது. உள்ள தங்குற சர்க்கரையை பாக்டீரியா அமிலமாக்கும், பிஎச் (இது குறையக் குறைய அமிலம் ஜாஸ்தின்னு அர்த்தம்) 5.5க்குக் கீழ இறங்கினா பல்லோட மேல் ஓடான எனாமல் கரையும், இதெல்லாம் தெரிஞ்சதுதான். (பல்லுல இருந்து புழு எடுத்துக் காட்டுறேன்னு சொல்றவங்ககிட்ட தயவுசெஞ்சு குழந்தையைக் கூட்டிட்டுப் போகாதீங்க, சொத்தை புழுவால வர்றதே இல்ல.)

அந்தப் பள்ளத்தை ரெசின்ங்கிற பிசின் மாதிரிப் பொருளை ஊத்தி மூடுறதுதான் சீலன்ட். ஆனா வழவழன்னு இருக்குற எனாமல்ல, எச்சில் ஊறுற வாய்க்குள்ள, அது எப்படி வருஷக்கணக்கா நிக்குது? பெயின்ட் நல்லாப் பிடிக்க உலோகத்துல பாஸ்பாரிக் ஆசிட் தடவுவாங்க, அதையே பல்லுல 30 நொடி தடவிப் பாத்து 1955ல எழுதினவர் மைக்கேல் புவோனோகோர்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர். எனாமல்ங்கிறது கண்ணுக்குத் தெரியாத தூண்களை நெருக்கி அடுக்கின மாதிரி, ஆசிட் அதை ஒரே சீரா அரிக்காது, சில இடத்துல தூணோட நடு கரையும், சில இடத்துல ஓரம் கரையும், மைக்ரோஸ்கோப்புல பாத்தா அப்படியே தேன்கூடு! அந்தக் குழிக்குள்ள திரவமா இருக்குற ரெசின் தானா இழுத்துக்கிட்டு இறங்கும், நீல லைட்டைக் காட்டினா உள்ளயே இறுகி, ஆயிரக்கணக்கான குட்டி வேர் விட்ட மாதிரி கவ்விக்கும். பல்லை அரிக்கிறதும் அமிலம், காப்பாத்துற ரெசினுக்குப் பிடி கொடுக்கிறதும் அமிலம். பெயின்ட் சமாச்சாரத்துல இருந்து குழந்தைங்க பல்லுக்கு வழி பிறந்திருக்கு, அதனாலதான் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டா உடனே "இதனால என்ன பிரயோஜனம்"னு மடக்குறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

என் பையனுக்குப் போட்டப்ப பக்கத்துல நின்னேன். ஆசிட் ஜெல்லைக் கழுவிட்டு காத்து ஊதினதும் பளபளப்பு போய் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை ஆச்சு, அந்த வெள்ளை வந்தாதான் குழி விழுந்திருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்துல எச்சில் பட்டா குழியெல்லாம் அடைஞ்சுடும், திரும்ப ஆசிட்டுல இருந்து ஆரம்பிக்கணும், சீலன்ட் சீக்கிரம் பேந்து வர்றதுக்கு முக்கியக் காரணமே இந்த ஈரம்தான்.

பயப்படாதீங்கம்மா, கரையறது சில மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ரெசின் மூடாத இடத்தை எச்சில்ல இருக்குற கால்சியமே சரி பண்ணிடும். ரெண்டு வருஷத்துக்கு கடைவாய்ப் பல் சொத்தைல 80 சதவீதத்தைத் தடுக்கும்னு அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லுது. செக்கப் போறப்பல்லாம் எங்கயாவது பேந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பேந்த இடத்துல திரும்பப் போட்டுக்கலாம். பன்னெண்டு வயசு வாக்குல அதுக்குப் பின்னாடி இன்னொரு கடைவாய்ப் பல் வரும், அப்ப அதுக்கும் மறக்காமக் கேளுங்க.