மஜ்ஜை: நல்லிக்குள் இருக்கும் மூளை

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா, முதுகுவலிக்காக எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் போன மாதம் என்னிடம் நீட்டினார். முதுகெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு கூடியிருப்பதாக அதில் இருந்தது. "மஜ்ஜைன்னா என்ன கண்ணு?" நல்லி எலும்பைத் தட்டில் தட்டினால் வழுக்கிக்கொண்டு விழுமே, அதுதான் என்றேன். "அட, அதுக்கா இந்தப் பேரு!"

மஜ்ஜை வடசொல். தமிழில் அதற்கு மூளை என்றே பெயர். சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளை சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு (எலும்பு), மூளை என அடுக்கி ஏழாவதாக சுக்கிலம் அல்லது சுரோணிதத்தை வைக்கும். அதில் என்புக்கு அடுத்து வரும் மூளை இந்த மஜ்ஜைதான். ஓசூர்ப் பக்கம் காதைத் தீட்டிக் கேளுங்கள், தெலுங்கில் மூலுக என்றால் மஜ்ஜை, கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பே. ஆனால் கறிக்கடையில் வெறுமனே மூளை கேட்டால் தலைமூளையைத்தான் பொட்டலம் கட்டுவார்கள், அதனால் என் ஓட்டு 'எலும்பு மூளை'க்கு.

மஜ்ஜையைப் பற்றி மருத்துவர்கள் எழுதும்போது கூடவே வரும் இன்னொரு சொல் பெர்ஃபியூஷன். லத்தீனில் ஊடாக ஊற்றுதல் என்று பொருள். இதை 'இரத்த ஓட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. கேஆர்பி அணைத் தண்ணீர் வாய்க்காலில் போவது ஓட்டம், மடை திறந்து வயலெங்கும் பரவுவது பாய்ச்சல். திசுவுக்குள் நுண்குழாய் வழியாக இரத்தம் பரவுவதும் அதுபோலத்தான், ஆகவே குருதிப் பாய்ச்சல்.

பிறக்கும்போது எலும்பு மூளை முழுக்கச் சிவப்பு. வயதாக ஆகக் கொழுப்பு ஏறி மஞ்சளாகிறது, சிவப்பில் சுமார் 40 சதவீதம் இருக்கும் கொழுப்பு மஞ்சளில் 80 வரை போகும். பாய்ச்சலும் குறையும். இதில் பெண்கள் கதை தனி: ஐம்பதுக்கு முன் முதுகெலும்பில் அவர்களுக்குப் பாய்ச்சல் ஆண்களைவிடக் கூடுதல், மெனோபாஸுக்கு அப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சட்டென்று இறங்கிவிடுகிறது. (மெனோபாஸ், கிரேக்கத்தில் மாதம், நிறுத்தம் என்ற இரண்டு சொற்களின் ஒட்டு, நம் பக்கத்தில் 'தீட்டு நின்னுடுச்சு' என்பதும் அதே பொருள்தான்.) எலும்பு அடர்த்தி குறைந்து மெலிந்தவர்களுக்குப் (ஆஸ்டியோபோரோசிஸ்) பாய்ச்சல் இன்னும் குறைவாகவே தெரிகிறது.

"அப்போ எனக்கு வாய்க்கால் காஞ்சுபோச்சா?" என்றார் பெரியம்மா. சாதாரண எம்ஆர்ஐயில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், பாய்ச்சல் தெரியாது என்றேன். அதற்கு படத்தில் பளிச்சென்று தெரியும் கடோலினியம் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றி, அது எலும்பு மூளைக்குள் எவ்வளவு வேகமாக நிறைகிறது என்று அடுத்தடுத்துப் படமெடுக்க வேண்டும். அவருக்கு அது எடுக்கவில்லை.