லோக்கல் கணக்கு, டொமைன் கணக்கு: உள்ளமையும் ஆள்களமும்

அலுவலக விண்டோஸ் கணினியில் நுழையும் திரையில் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் கட்டங்கள் இருக்கும். அவற்றின் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். எந்த டொமைனில், அதாவது ஒரே மையத்துக்குக் கட்டுப்பட்ட எந்தக் கணினித் தொகுதியில், நுழையப் போகிறீர்கள் என்று அது சொல்லும். பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு பின்சாய்வுக்கோடு போட்டுப் பாருங்கள். அந்த வரியில் டொமைன் பெயர் மறைந்து, அந்தக் கணினியின் சொந்தப் பெயர் வந்துவிடும். லோக்கல் கணக்குக்கும் டொமைன் கணக்குக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நுழைபவர் உண்மையில் அவர்தான் என்று யார் சாட்சி சொல்வது? இந்தக் கணினியா, வலையமைப்பின் மையத்தில் இருக்கும் சர்வரா?

முதலில் 'கணக்கு'. அக்கவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், எண்ணுதல் என்று பொருள்படும் 'கம்ப்யூட்டாரே' என்ற லத்தீன் வினை. கம்ப்யூட்டர் என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது. 1960களில் ஒரே பெரிய கணினியைப் பலர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தியபோது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. தமிழிலும் மளிகைக் கடையில் 'எனக்குக் கணக்கு இருக்கிறது' என்கிறோம். கடைக்காரரின் நோட்டில் நம் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது என்று பொருள். பயனர் கணக்கு என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை.

லோக்கல் கணக்கின் நோட்டு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் 'சாம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தரவுத்தளம் அது. கடவுச்சொல்லின் ஹேஷ் வடிவம், அதாவது திரும்பக் கடவுச்சொல்லாக மாற்ற முடியாதபடி கணக்கிட்ட வடிவம், அதில் இருக்கும். லினக்ஸில் இதே வேலையைக் கடவுச்சொல் கோப்பும் அதற்குத் துணையான ஷேடோ கோப்பும் செய்கின்றன. பக்கத்து மேசைக் கணினிக்கு இந்த நோட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

பலர் தடுமாறுவது பெயரில்தான். விண்டோஸ் யாரையும் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. கணக்கு உருவாகும்போதே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று அதற்கு ஒதுக்கப்படுகிறது. அந்த எண்ணின் நடுப்பகுதி கணினியை அல்லது டொமைனைக் குறிக்கும். கடைசிப் பகுதி ஆளைக் குறிக்கும். உடன் பிறக்கும் நிர்வாகிக் கணக்கின் கடைசிப் பகுதி எப்போதும் 500. 'குமார்' என்ற லோக்கல் கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில், அதே கடவுச்சொல்லுடன் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழைய குமாரின் கோப்புகளுக்குக் கொடுத்திருந்த அனுமதி புதிய குமாருக்குக் கிடைக்காது. எண் வேறு, அதனால் ஆளும் வேறு. டொமைனில் ஒரு குமாரும் கணினியில் ஒரு குமாரும் இருந்தால் அவர்களும் இரண்டு பேர்தான்.

அடுத்து டொமைன். பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆண்டான், உடையவன் என்று பொருள்படும் 'தோமினுஸ்' என்ற லத்தீன் சொல்லோடு உறவுடையது. ஒருவரின் உடைமையாக, ஆளுகைக்குள் இருக்கும் நிலம் என்பதே பழைய பொருள். 1983-ல் இணைய முகவரிகளுக்குப் பெயரிடும் முறை வந்தபோது இந்தச் சொல் அங்கே புகுந்தது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டி, ஒரே கணக்குப் பட்டியலுக்குக் கட்டுப்பட்ட கணினிகளின் தொகுதிக்கு இதே சொல்லை வைத்தது. 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி என்ற மைக்ரோசாஃப்டின் மையக் கணக்கேடு வந்து, அந்தத் தொகுதிகளுக்கும் இணையப் பெயர் போலவே புள்ளி வைத்த பெயர்களைக் கொடுத்தது. இணையதளப் பெயரும் அலுவலக டொமைனும் ஒன்று என்ற குழப்பம் இன்றும் தீராததற்கு இது ஒரு காரணம்.

தமிழில் டொமைனைக் 'களம்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. களம் என்றால் போர்க்களம், நெற்களம் என்று ஒரு வெளிதான் கண்ணில் படுகிறது, ஆளுகை விட்டுப்போகிறது. கணிதப் பாடநூலின் 'மதிப்பகம்' இங்கே ஒட்டவே ஒட்டாது. 'ஆள்களம்' என்ற சொல்லில் ஆளுதலும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

லோக்கலுக்கு 'உள்ளூர்' வேண்டாம். உள்ளூர்க் கணக்கு என்றால் சென்னைக் கிளையின் கணக்கு, மதுரைக் கிளையின் கணக்கு என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ஊருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு சென்னை சர்வரில் இருக்கும் ஆள்களக் கணக்கால் நுழையலாம். பள்ளிக் கணினி அறிவியல் பாடத்தில் வரும் 'உள்ளமை' இங்கே நன்றாகப் பொருந்துகிறது: உள்ளே அமைந்தது. ஆக, உள்ளமைக் கணக்கு, ஆள்களக் கணக்கு.

ஆள்களக் கணக்கு இருப்பது டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில். கடவுச்சொல்லை அங்கே ஒருமுறை மாற்றினால் அதுவே எல்லாக் கணினிக்கும் பொருந்தும். சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் உருவானது. பாதாள வாசலைக் காக்கும் கிரேக்கப் புராண நாயின் பெயர் அதற்கு. கடவுச்சொல்லை ஒவ்வொரு சர்வரிடமும் நீட்டுவதற்குப் பதிலாக, நேர வரம்புள்ள சீட்டு ஒன்றை அது தருகிறது. இயல்பு அமைப்பில் கணினியின் கடிகாரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் இடையே 5 நிமிட வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளும். சரி, ஊருக்குப் போன மடிக்கணினி அந்த சர்வரை எட்ட முடியாவிட்டால்? அதில் முன்பு நுழைந்தவர்களில் கடைசி 10 பேரைச் சரிபார்க்கத் தேவையான குறிப்பை விண்டோஸ் இயல்பாகவே சேமித்து வைத்திருக்கும். அதை வைத்து உள்ளே விடும்.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆள்களக் கணக்கை ஓரிடத்தில் முடக்கினால் போதும். அவர் பெயரில் ஐந்து கணினிகளில் உள்ளமைக் கணக்கு போட்டிருந்தால், ஐந்தையும் தேடிப்போக வேண்டும். அதைவிட மோசம், எல்லாக் கணினிகளிலும் உள்ளமை நிர்வாகிக்கு ஒரே கடவுச்சொல் வைக்கும் வழக்கம். ஒன்றில் ஹேஷ் களவுபோனால் அதை வைத்தே மற்றவற்றிலும் நுழைந்துவிடுவார்கள். இதைத் தடுக்கவே மைக்ரோசாஃப்ட் 2015-ல் 'லாப்ஸ்' என்ற கருவியை வெளியிட்டது. கணினிக்குக் கணினி வெவ்வேறு கடவுச்சொல் வைத்து, அவ்வப்போது தானே மாற்றிவிடும். சிறிய அலுவலகம் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆள்கள நிர்வாகி உள்ளமை நிர்வாகியாகவும் இருப்பார். ஆள்களத்தில் சேரும்போதே விண்டோஸ் அப்படி அமைத்துவிடுகிறது. உள்ளமை நிர்வாகிக்கு அந்த ஒரு கணினிக்கு வெளியே இயல்பாக எந்த உரிமையும் கிடையாது. டொமைன் கன்ட்ரோலரின் நிலை இன்னும் வேறு. ஒரு சர்வரை அந்தப் பொறுப்புக்கு உயர்த்திய பிறகு, அதில் வழக்கமான உள்ளமைக் கணக்கு எதுவும் இருக்காது. அங்கே நுழைபவர் ஆள்களக் கணக்கோடுதான் நுழைய வேண்டும்.