டிஸ்ட் ஃபோல்டர் ஏன் காலியாகிறது?

ப்ராஜெக்டை ஓடவிட்ட கையோடு டிஸ்ட் ஃபோல்டரில் நேற்று இருந்த ஃபைல்கள் எல்லாம் காணாமல் போகின்றன, இது பிழையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிழை இல்லை. ஆனால் அதற்குள் ஓர் அழகான சிக்கல் ஒளிந்திருக்கிறது.

டிஸ்டில் இருப்பது நாம் எழுதியது அல்ல, நம் நிரலிலிருந்து கருவி உண்டாக்கியது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கலாம் என்று நம்பித்தான் அதை அழிக்கிறார்கள். வலைச் செயலிகள் செய்ய உதவும் வீட், ஆங்குலர் இரண்டும் பில்டுக்கு முன், அதாவது வெளியீட்டை உண்டாக்கும் முன், டிஸ்டைத் தாமாகவே துடைத்துவிடும். பல ப்ராஜெக்டுகளில் தொடங்கும் கட்டளையோடு அழிக்கும் கட்டளையையும் யாரோ சேர்த்து எழுதியிருப்பார்கள். அப்புறம் ஓடுவது டெவ் சர்வர், அதாவது எழுத எழுதப் பக்கத்தைக் காட்டும் உள்ளூர் சர்வர் என்றால், அது பெரும்பாலும் எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். பிரவுசரில் பக்கம் வரும், டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது.

துடைக்காமல் விட்டால் என்ன? வெளியீட்டு ஃபைலின் பெயரில் அதன் உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கக் குறியை, சேர்ப்பது இன்று வழக்கம். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். புதியது பழையதன் மேல் எழுதப்படாமல் பக்கத்தில் போய் உட்காரும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: ஒரு சோதனை ஃபைலின் மூலத்தை நீங்கள் அழித்த பிறகும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் டிஸ்டில் கிடந்தால், இல்லாத சோதனை ஓடி வெற்றி என்று சொல்லும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஒரு கருவிக்கு எப்படித் தெரிகிறது?

1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் (make) என்ற பில்ட் கருவி, நேரே டிஸ்க்கைத்தான் கேட்கும். வெளியீடு இருக்கிறதா? மூலத்தைவிடப் பழையதா? இல்லை என்றாலும் பழையது என்றாலும் புதிதாகச் செய்யும். வெளியீட்டை நூறு முறை அழித்தாலும் மேக் குழம்பாது.

ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் மொழியான டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் 2019-இல் 3.4 பதிப்பில் வேறு வழியில் போனது. இன்கிரிமென்டல் வசதியை இயக்கினால், ஒவ்வொரு மூல ஃபைலின் அடையாளத்தையும் டிஎஸ்பில்ட்இன்ஃபோ என்ற பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை மூலத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் கம்பைல் செய்யும், அதாவது ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும். வேகம் பிரமாதம். ஆனால் அது பார்ப்பது மூலத்தையும் பதிவேட்டையும்தான். வெளியீடு டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை! டிஸ்டை அழித்துப் பதிவேட்டை மட்டும் விட்டுவைத்தால், எதுவும் மாறவில்லை, எனவே வேலை இல்லை என்று கம்பைலர் அமைதியாக முடித்துக்கொள்ளும். பிழைச் செய்தியே வராது. அடுத்த நொடி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node), ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடும்.

பதிவேட்டின் இடத்தை நாமே சொல்லாவிட்டால், அது எங்கே இருக்கும் என்பதை டைப்ஸ்கிரிப்டின் அமைப்பு ஃபைலில் (tsconfig) உள்ள இரண்டு வரிகள் தீர்மானிக்கின்றன. வெளியீடு டிஸ்ட் என்று மட்டும் சொன்னால் பதிவேடு டிஸ்டுக்குள்ளேயே இருக்கும், இரண்டும் சேர்ந்தே அழியும், எல்லாம் புதிதாகப் பிறக்கும். மூல வேர் (rootDir), நம் நிரல் இருக்கும் எஸ்ஆர்சி (src) ஃபோல்டர் என்றும் சேர்த்துச் சொன்னால், பதிவேடு ஒரு படி மேலே ஏறி டிஸ்டுக்கு வெளியே வந்துவிடும். டிஸ்ட் போகும், பதிவேடு நிற்கும். இத்தனை தூரத்தில் இருக்கும் இரண்டு வரிகள் இப்படிக் கைகோத்துக்கொள்வதை முதலில் கண்டுபிடித்தபோது எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

எது உடைந்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிடு என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பல நேரம் வேலை செய்கிறது, உண்மைதான். ஏன் வேலை செய்தது என்று கேட்காமல் திரும்பத் திரும்பச் செய்தால் அது மூடநம்பிக்கைதான். எந்தப் பதிவேடு எந்த ஃபைலோடு பொருந்தவில்லை என்று ஒரு தடவையாவது தேடிப் பார்க்க வேண்டும்.

கேட்ட வாசகருக்கு: கம்பைலர் சத்தமில்லாமல் முடிந்தும் டிஸ்ட் காலியாகவே இருந்தால், டிஎஸ்பில்ட்இன்ஃபோ வெளியே கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் அதன் இடத்தை டிஸ்டுக்குள் என்று அமைப்பில் எழுதிவிடுங்கள். டிஸ்டில் நீங்கள் கையால் வைத்த படமோ எழுத்துருவோ இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். அதற்கு மூலம் கிடையாது, எந்தக் கருவியாலும் திரும்ப உண்டாக்க முடியாது.