திங்கட்கிழமை காலையில் மட்டும் கணினி ஏன் அணைகிறது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக் கணினிக்குப் பத்து வயது கடந்துவிட்டது. கோயில் புள்ளிக் கணக்கு (குடும்பவாரியான கோயில் வரிக் கணக்கு), வீட்டு வரவு செலவு, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேச்சு எல்லாம் அதில்தான். கார்த்திகையில் தொல்லை தொடங்கியது. காலையில் போட்டால் விண்டோஸ் சின்னம் வந்த கையோடு அணைந்து, தானாகவே மறுபடி தொடங்குகிறது. சில நாள் பிழையைச் சொல்லும் நீலத் திரை வருகிறது. நாலைந்து முறை முரண்டு பிடித்த பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கினால், இரவு வரை ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமைதான் மிக மோசம். கடைக்காரர் மூன்று முறை விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். மாமனார் சொல்லும் காரணம் வேறு: திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அந்த நேரத்தில் தொடங்கினால் எது விளங்கும்?

மாமனாரை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கோளாறுக்கு ஒரு நேரம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மூன்று முறை விண்டோஸ் ஏற்றியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விண்டோஸுக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது, கிழமையும் அதற்குப் பொருட்டில்லை. இரவெல்லாம் ஆறிக் கிடந்தால் மக்கர் செய்து, சூடேறினால் சரியாகிறது என்றால், பழுது ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது.

பொதுவாகச் செய்யும் சோதனைகளை விரைவாகக் கடந்துவிடலாம். செட்டிநாட்டுச் செம்மண் புழுதி விசிறியில் அடைந்து செயலி, அதாவது பிராசசர், கொதித்தால், காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல்தான் நிற்கும். இங்கே நிலைமை தலைகீழ். ரேம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைத் துடைத்து மாட்டி, அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 நிரலை ஓர் இரவு ஓடவிட்டுப் பார்க்கலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று வரிசையாக இருப்பதாக வாசகி எழுதுகிறார். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை. நீலத் திரை வந்தால், தவறு நடந்ததை உணர விண்டோஸுக்கு ஒரு நொடியாவது கிடைத்தது என்று பொருள். சட்டென்று இருண்டு மறுபடி தொடங்கினால் அந்த நொடிகூடக் கிடைக்கவில்லை. இரண்டும் கலந்து வரும்போது என் கண் முதலில் போவது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது அந்தப் பெட்டி. உள்ளே வந்த மின்சாரத்தை நேராக்கி, நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி, மின்மாற்றி வழியே இறக்குகிறது. அப்படி வெளிவருவது துண்டு துண்டான மின்சாரம். மழை வந்தபோது நிரம்பி ஆண்டு முழுவதும் தண்ணீர் தரும் ஊருணியைப் போல, துண்டுகளை வாங்கி வைத்து இடைவெளி தெரியாமல் கொடுப்பவை மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள். 12 வோல்ட் கம்பியில் ஏற்ற இறக்கம் 120 மில்லிவோல்ட்டையும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது என்பது கணினிகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதி.

எனக்குப் பிடித்த இடம் இந்த மின்தேக்கியின் வயிறு. விரல் நுனி அளவுள்ள அந்த அலுமினியக் குப்பிக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் பாயாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னூட்டம் சேர்கிறது என்று பள்ளியில் படித்தோம். இதில் அப்படி இல்லை. நேர்மின் தகட்டின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்றை வேதியியல் முறையில் வளர்த்திருப்பார்கள். மின்காப்பு அந்தப் படலம்தான். அதன் மறுபக்கம் நிற்கும் எதிர்மின்வாய், திரவமே! இரண்டாவது தகடு அந்தத் திரவத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் வழி மட்டுமே. போலந்துக்காரரான கரோல் போலாக் 1896இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஏன் திரவம்? தகட்டின் பரப்பைக் கூட்ட, அமிலத்தில் அரித்து நுண்ணிய குழிகளாக்கியிருப்பார்கள். அந்தக் குழிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து படலத்தோடு ஒட்டி நிற்கத் திண்மத் தகட்டால் முடியாது. படலத்தின் தடிமனோ ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர்தான். இவ்வளவு மெல்லியது எங்காவது பொத்துக்கொள்ளாதா? பொத்துக்கொள்ளும். அப்போது அந்த ஓட்டை வழியே சிறிது மின்சாரம் கசியும். கசியும் மின்சாரம் திரவத்தில் இருக்கும் நீரைப் பகுக்கும். பிரிந்த ஆக்சிஜன் அதே இடத்தில் அலுமினியத்தோடு சேர்ந்து புதிய ஆக்சைடாகி ஓட்டையை மூடும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் உறுப்பு, கணினியில் எனக்குத் தெரிந்து வேறெதுவும் இல்லை. மூடும்போதெல்லாம் நீர் கொஞ்சம் செலவாகிறது, ஹைட்ரஜன் கொஞ்சம் பிறக்கிறது. அதோடு, அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியே திரவம் ஆவியாகி மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் அந்த வேகமும் கூடும்.

மின்தேக்கியின் உடம்பில் 105 டிகிரி என்றோ 85 டிகிரி என்றோ அச்சிட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் இத்தனை மணி நேரம், எடுத்துக்காட்டாக 2,000 மணி நேரம், உழைக்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கைவிதி. 75 டிகிரியில் வேலை செய்தால் முதல் வகைக்கு 16,000 மணி நேரம் கிடைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஐந்தரை ஆண்டு. மலிவான இரண்டாம் வகைக்கு 4,000 மணி நேரம்தான், ஒன்றரை ஆண்டுகூட நிறையாது. வாசகியின் கணினி இருப்பது கதவு மூடிய பர்மா தேக்கு அலமாரிக்குள். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவரும், உயர்ந்த கூரையும், முற்றத்துக் காற்றும் சித்திரை வெயிலை எவ்வளவு தடுத்தாலும், அலமாரிக்குள் அந்தக் குளுமை எட்டாது. கணினி தன் மூச்சுக்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு வேகும்.

திரவம் குறையக் குறைய மின்தேக்கியின் உள்தடை ஏறுகிறது. மின்னூட்டத்தைச் சேர்க்கும் திறன் ஓரளவு மிஞ்சியிருந்தாலும், கேட்ட நொடியில் அதை வெளியே தர முடியாது. செயலியோ விண்டோஸ் எழும் நேரத்தில்தான் திடீரென்று அள்ளிக் கேட்கும். மின்னழுத்தம் ஒரு கணம் தொய்கிறது. தொய்ந்தால் செயலிக்குள் சுவிட்சுகளாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகின்றன. ஒரு கூட்டலின் விடை கடிகாரத் துடிப்புக்குள் வந்து சேராமல் பழைய எண்ணே பதிவாகிறது. அந்தத் தவறான எண்ணை நினைவக முகவரியாக நம்பிச் செயலி எங்கோ போய் நிற்க, விண்டோஸ் பதறி நீலத் திரையைக் காட்டுகிறது. தொய்வு இன்னும் பெரிதானால், ‘மின்சாரம் சீராக இருக்கிறது’ என்று தாய்ப்பலகைக்கு (மதர்போர்டுக்கு) சொல்லிக்கொண்டிருக்கும் சமிக்ஞையை எஸ்.எம்.பி.எஸ். விலக்கிக்கொள்ளும். உடனே எல்லாம் இருட்டு.

இனி காலைக்கு வருவோம். மிஞ்சியிருக்கும் திரவம் குளிரில் கெட்டியாகிறது, அயனிகள் நகரத் திணறுகின்றன, உள்தடை உச்சத்துக்குப் போகிறது. நாலைந்து முறை போட்டு அணையும்போது உள்தடையில் வீணாகும் மின்சாரமே மின்தேக்கியைச் சூடாக்கிவிடுகிறது. திரவம் இளகுகிறது, தடை இறங்குகிறது, கணினி எழுந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கணினியைத் தொடுவதில்லையாம். சனி இரவு அணைத்தது திங்கள் காலை வரை ஆறிக் கிடப்பதால் அன்று தொல்லை கூடுதலாக இருக்கலாம். சித்திரையில் தின்ற ஆயுள் மார்கழியில் தெரிகிறது. ராகுவுக்கு இதில் பங்கு உண்டா என்பதையும் சோதித்துவிடலாம்: செவ்வாய்க்கிழமை ராகு காலம் மாலை 3 முதல் 4.30 வரை. காலையிலிருந்து ஓடிய கணினியை அந்த நேரத்தில் அணைத்து உடனே போட்டுப் பாருங்கள். எழுந்துவிடும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மேல்முகம் உப்பிய மின்தேக்கியைத் தேடிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்பார்கள் சில கடைக்காரர்கள். 2000க்குப் பின் சில ஆண்டுகள், பிழையான திரவம் அடைத்த மின்தேக்கிகள் உலகம் முழுவதும் ஹைட்ரஜனால் உப்பி வெடித்தன. பழக்கம் அதிலிருந்து வந்தது. மெல்ல உலர்ந்து போனது உப்பாது, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். உள்தடை அளக்கும் கருவி அதிக விலை இல்லை. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் இருக்கும் அளவுக்கு அது இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குப்பிக்குள் நடப்பது முழுக்க மின்வேதியியல். அதற்கென்றே நாட்டின் மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். தனி மனிதர் ஒருவர் அன்று அப்படி அள்ளிக் கொடுத்தார். இன்று நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்தக் கொஞ்சமும் மேடையில் பேச அழகான தலைப்புகளுக்கே முதலில் போகிறது. ரப்பர் அடைப்பும் உலராத திரவமும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

வாசகிக்கு: எஸ்.எம்.பி.எஸ்ஸை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். நன்றாக ஓடும் வேறொரு பெட்டியை இரவல் வாங்கி மாட்டச் சொல்லி, அடுத்த திங்கள் காலை போட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் தாய்ப்பலகையின் மின்தேக்கிகளையோ, சூட்டில் விரிந்து குளிரில் விலகும் தளர்ந்த இணைப்பையோ பார்க்க வேண்டும். சரியாகிவிட்டால், 105 டிகிரி மின்தேக்கிகள் உள்ள புதியதாகக் கேட்டு வாங்கி, கணினியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். யூ.பி.எஸ். வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மின்வெட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் இந்தக் கோளாறு யூ.பி.எஸ்ஸைத் தாண்டி உள்ளே இருப்பதால், அந்தச் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.