கண்காட்சியில் ஸ்டோல் கேட்டுப் போகும் ஓடாவிகளுக்கு

எங்கள் பக்கத்தில் மரம் செதுக்கும் ஓடாவி அண்ணன் ஒருவருக்குக் கொழும்புக் கண்காட்சி ஒன்றுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கையில் கிடைத்தது. கண்காட்சி வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தின் மேலே இருந்த திகதியோ மூன்று கிழமைக்கு முந்தியது. எங்கே கிடந்தது என்று கேட்டால், “நாங்க அண்டைக்கே அனுப்பிட்டம்” என்றது ஒரு அலுவலகம். “எங்களுக்கு இண்டைக்குத்தான் வந்தது” என்றது இன்னொன்று. அவர் வீட்டு விறாந்தையில் முதிரை மரத்தில் செதுக்கிய பதினொரு மீன்கள், மட்டக்களப்பின் பாடும் மீன்கள்தான், பொலிஷ் காயக் காத்துக்கொண்டிருந்தன. அவருக்கு ஒதுக்கிய இடத்தில் யாரோ பிளாஸ்டிக் பூச்சாடி விற்றார்களாம்.

இதை எழுத அதுதான் காரணம். சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓடாவிகள் அடிபடுவது அங்கே இல்லை. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை தேசிய அருங்கலைகள் பேரவை, தேசிய வடிவமைப்பு நிலையம், ‘லக்சல’ என்று நாம் சொல்லும் கைப்பணிப் பொருட்கள் சபை ஆகிய மூன்றும். கைப்பணியாளரைப் பதிவது அருங்கலைகள் பேரவை. ‘சில்ப அபிமானி’ போட்டியையும் அதுவே நடத்துகிறது, முதலில் மாகாண மட்டம், அப்புறம் தேசிய மட்டம். இதைவிட, கைத்தொழில் அபிவிருத்திச் சபை, கிழக்கு மாகாணக் கிராமியக் கைத்தொழில் திணைக்களம், பிரதேச செயலகத்தின் சிறு தொழில் முயற்சிப் பிரிவு என்று கண்காட்சி வைப்பவர்கள் பலர். யார் வைத்தாலும், பெரும்பாலும் முதலில் கேட்பது பதிவு இருக்கிறதா என்றுதான். கண்காட்சி அறிவித்த பிறகு பதிவுக்கு ஓடினால் நேரம் போதாது. வேலை இல்லாத மாதத்திலேயே அதைச் செய்து முடியுங்கள்.

பதிவில் நம்மாட்கள் முதலில் விழும் குழி முகவரி. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் கிராமங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டன. அடையாள அட்டையில் பழைய ஊர், வாக்காளர் இடாப்பில் சிலருக்குப் பழைய ஊர், சிலருக்குப் புதிய ஊர். விண்ணப்பத்தில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும் என்றால், பழைய பிரிவில் இருப்பவர் “நீங்க இப்ப இங்க இல்லையே” என்பார். புதிய பிரிவில் இருப்பவர் “ஐசியில வேற அட்ரஸ்தானே கிடக்கு” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் நடுவில் நிற்பது நீங்கள். எங்கே இருக்கிறீர்களோ அந்தப் பிரிவில் வாக்காளர் பதிவை முதலில் சரிசெய்யுங்கள். கரண்ட் பில்லோ தண்ணீர் பில்லோ உங்கள் பெயரில் இருந்தால் கொண்டுபோங்கள். அடையாள அட்டையை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதிய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் கேளுங்கள். “தர ஏலாது” என்று வாயால் சொன்னால், அதையே காரணத்தோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல இடங்களில் கை தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. ஒரு ‘ஏ’ கூடினாலும் போதும், பரிசுப் பணமோ போக்குவரத்துக் காசோ கணக்குக்கு வராமல் திரும்பிவிடும். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். போட்டோக் கொப்பியைக் கொடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டு வாங்கி வாருங்கள். ‘ஃபைலில் போட்டுவிட்டோம்’ என்றால் அது போனதுதான்.

பதிவு யார் பெயரில் என்பதும் முக்கியம். செதுக்குவது கணவர், சாண்ட் பேப்பர் தேய்த்து நிறம் கொடுத்து முடிப்பது மனைவி என்ற வீடுகள் நிறைய. பதிவோ கணவர் பெயரில் மட்டும். அவர் கட்டார் போய்விட்டாலோ படுத்துவிட்டாலோ, அந்த அக்கா வருடக் கணக்கில் செய்த வேலைக்குக் கடதாசியில் ஒரு சாட்சியும் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகப் பதியுங்கள். “ஒரு வீட்டுக்கு ஒண்டு போதும்” என்று யாராவது சொன்னால், அப்படி எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றியும் ஒன்று. அது பிரதேச செயலகத்தில் செய்வது. அதில் ‘தொழிலின் தன்மை’ என்ற கட்டத்தில் பலர் ‘தளபாட விற்பனை’ என்று எழுதிவிடுகிறார்கள், கதிரை மேசையும் செய்வதால். பிறகு கைப்பணிக் கண்காட்சிக்கு விண்ணப்பித்தால், “இது தளபாடக் கடை” என்று கழித்துவிடுவார்கள். ‘கையால் செய்த மரக் கைப்பணிப் பொருட்கள் உற்பத்தியும் விற்பனையும்’ என்று முழுவதும் எழுதுங்கள். உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே விற்பவர் என்றால் இந்தப் பதிவு சட்டப்படி கட்டாயமே இல்லை. ஆனால் வங்கியும் சில அலுவலகங்களும் கேட்பதால் செய்துகொள்வது தொல்லை குறைவு.

சங்கக் கடிதம் என்று ஒன்று கேட்பார்கள். கைப்பணியாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது நல்லதுதான். ஆனால் சங்கத் தலைவர் யாரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் ஸ்டோல் என்று ஆகிவிடுகிறது சில இடங்களில். ஒரே நாலு பேர் எல்லாக் கண்காட்சிக்கும் போய் வருவார்கள், அதில் இரண்டு பேர் உளி பிடித்தே இருக்க மாட்டார்கள். வாங்கி விற்பவர்கள். இதற்குச் சண்டை பிடித்துப் பலனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அதற்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். இந்தக் கண்காட்சிக்கு நமது மாவட்டத்திலிருந்து தெரிவானவர்களின் பட்டியல் என்ன, என்ன தகுதி வைத்துத் தெரிவு செய்தீர்கள், அறிவித்தல் எந்தத் திகதியில் எங்கே ஒட்டப்பட்டது என்று மூன்று கேள்வி எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டியது அவர்கள் கடமை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே இடத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த வருடம் போன ஸ்டோல் திரும்ப வராது. ஆனால் அடுத்த வருடம் அறிவித்தல் பலகையில் தாள் ஒட்டும்போது உங்கள் ஞாபகம் அவர்களுக்கு வரும்.

அம்பாறைப் பக்கம் வேறொரு தலைவலி. பொத்துவிலிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் பஸ் மாறி மாறி அம்பாறைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போனால், கையில் தருவது சிங்களத்தில் மட்டும் உள்ள விண்ணப்பம். தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து நிரப்பி, எதில் கையெழுத்து வைத்தோம் என்றே தெரியாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் விண்ணப்பம் இல்லை என்றால், வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள், பிரதியை அந்த அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

எந்தக் கடதாசி கொடுத்தாலும் இரண்டு பிரதி. ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். “முத்திரை அடிக்கிற ஆள் லீவு” என்பார்கள். அப்படியென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. அந்த ஓடாவி அண்ணனிடம் ஒரு முத்திரை அடித்த பிரதி இருந்திருந்தால், கடிதம் எந்த மேசையில் தூங்கியது என்று கேட்டிருக்கலாம். பதிவுக்குப் பிறகு மாதம் ஒருமுறை உங்கள் பிரிவு அபிவிருத்தி உத்தியோகத்தருக்குப் போன் எடுத்து, “சேர், ஏதும் கண்காட்சி வந்திருக்கா?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தெரிவு பல நேரம் அவர் கைபேசியில் இருக்கும் நம்பர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். செதுக்கும் மரம் எங்கே வாங்கியது என்பதற்கு பில் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது அது. காட்டில் விழுந்து கிடந்த பாலை மரக் கொம்புதானே, யாருக்கு என்ன என்று தூக்கி வருவதும் குற்றம்தான், ஒதுக்குக் காட்டுக்குள் என்றால் இன்னும் மோசம். மரக்குற்றிகளோ பலகையோ ஏற்றிப் போவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பற்றி முதலே கேட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்த பொருளை லொறியில் ஏற்றும்போது மரம் வாங்கிய பில், பொருட்களின் பட்டியல், அழைப்புக் கடிதம் மூன்றும் டிரைவரிடம் இருக்கட்டும். நடுச்சாமத்தில் சோதனைச் சாவடியில் ‘இது கைப்பணி’ என்று வாயால் விளக்குவது சுகமான வேலை இல்லை.

சரி, ஸ்டோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு விண்ணப்பக் குழி உண்டு. ‘மின்சாரம் தேவையா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். செதுக்குவதற்குக் கரண்ட் எதற்கு என்று நம்மாட்கள் வெறுமையாக விட்டுவிடுவார்கள். மண்டபத்தின் மூலையில் இருட்டு ஸ்டோல்தான் வரும். முதிரையின் அந்தப் பொன் மஞ்சள், அசைத்தால் பட்டுத்துணி மாதிரி ஓடும் பளபளப்பு, இருட்டில் வெறும் பழுப்பு. கட்டாயம் ‘ஆம்’ போடுங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்ப் இரண்டும் எக்ஸ்டென்ஷன் வயரும் உங்களுடையதாகவே கொண்டுபோங்கள், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி வையுங்கள், வெட்டுக்கள் நிழல் விட்டுத் தெரியும்.

தருவது பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு கதிரை. எல்லாவற்றையும் அந்த மேசையில் பரப்பினால் அது சந்தைக் கடை. மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே நிறம் மங்கிய வெறும் துணி போட்டு மூன்று படி உயரம் கட்டுங்கள். பூப்போட்ட மேசைத்துணி வேண்டாம், அது மரத்தின் ரேகையைத் தின்றுவிடும். நாற்பது பொருள் கொண்டுபோனால் பதின்மூன்று பதினான்கு வெளியே, மிச்சம் மேசைக்குக் கீழே. விற்க விற்க எடுத்து வையுங்கள். முன்வரிசையில் சாவிக்கொத்து, கரண்டி மாதிரிக் கை நீட்டி எடுக்கக்கூடிய சின்ன விலைப் பொருட்கள். பின்னால் ஒரே ஒரு பெரியது. அதை வாங்க மாட்டார்கள், அதைப் பார்க்கத்தான் நிற்பார்கள். நின்றால் கை சின்னதுக்குப் போகும். ‘தொட வேண்டாம்’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள், மரம் தொட்டுப் பார்த்து வாங்குகிற சாமான்.

ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு, சணல் நூலில் கட்டி, மூன்று மொழியிலும். விலையைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கடமையும்கூட. அதைவிட, விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் நகர்ந்துவிடுகிறார்கள். அப்புறம், ஒரு மீனை மூன்று நிலையில் வரிசையாக வையுங்கள்: வெறும் கட்டை, பாதி செதுக்கியது, முடிந்தது. மெஷினில் வெட்டிய சாமான் பக்கத்து ஸ்டோலில் பாதி விலைக்குக் கிடக்கும்போது, உங்கள் விலைக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அங்கேயே உளி வேலை செய்து காட்டலாமா என்று ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேளுங்கள். உளிச் சத்தத்துக்குச் சனம் கூடும். சாண்ட் பேப்பர் வேலை மட்டும் மண்டபத்துக்குள் வேண்டாம், தூசிக்குப் பக்கத்து ஸ்டோல்காரர் சண்டைக்கு வருவார்.

மாரி காலத்தில் செய்த பொருளைக் கொழும்பு ஏசி மண்டபத்துக்குக் கொண்டுபோவதில் கவனம். இங்கே ஈரக்காற்றில் இருந்த மரம் அங்கே காய்ந்து சுருங்கும். மூன்றாம் நாள் காலையில் மீனின் வயிற்றில் ஒரு கோடு விழுந்திருக்கும். நன்றாகக் காய்ந்த கட்டையில் செய்ததை மட்டும் தெரிந்து எடுங்கள்.

போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதைப் போக முன்னர் எழுத்தில் வாங்குங்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் போய், இரவு எங்கே படுப்பது என்று தெரியாமல் ஸ்டோலுக்குள்ளேயே பாய் விரித்தவர்களைத் தெரியும். ஹோட்டல்காரரோ கடைக்காரரோ ஓடர் தந்தால் பாதிக் காசு முற்பணம். கடைகளுக்குப் பொருள் கொடுப்பதென்றால், உடனே காசுக்கு வாங்குகிறார்களா, விற்ற பிறகு தருகிறார்களா, உடைந்தால் யார் நட்டம் என்று மூன்றையும் கேளுங்கள்.

கடைசி நாள் மாலை, லொறி வர முன்னர், “மிச்சத்தை இங்க வச்சிட்டுப் போங்க, வித்துக் காசு அனுப்புறம்” என்று யாராவது நல்ல மனதோடுதான் சொல்வார். வைப்பதானால் எண்ணி, விலை போட்டு, அவர் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் வாங்கி வையுங்கள். கையெழுத்துப் போட அவர் தயங்கினால் பெட்டியைக் கட்டி லொறியில் ஏற்றிவிடுங்கள்.