ஆர்-அப்ளை: கூடு விட்டுக் கூடு பாயும் சார்பு

"அக்கா, டெல்லி முழுக்க என்.ஏ. வருது."

ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துவைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் இப்படிச் சொன்னது ஒரு நவம்பர் மாலை. அவள் ஊர் திருநெல்வேலி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. காற்றுத்தர நிலையங்கள் தரும் அளவுகளை, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் ஏற்றி நிலையவாரியாகச் சராசரி எடுக்கும் வேலை. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மேலும் ஒரே சார்பை (ஃபங்ஷனை) ஓட்டும் எல்-அப்ளையைப் போட்டிருக்கிறாள். ஆனந்த் விஹார், பஞ்சாபி பாக், மந்திர் மார்க், ஆர்.கே. புரம் என்று எந்தப் பெயருக்கு எதிரே பார்த்தாலும் என்.ஏ., அதாவது 'மதிப்பு இல்லை'. கூடவே, "கொடுத்தது எண்ணாகவும் இல்லை, மெய்-பொய் மதிப்பாகவும் இல்லை; என்.ஏ. தருகிறேன்" என்ற பொருளில் எச்சரிக்கைகளின் வரிசை.

அவளிடம் இருந்தது பட்டியலுக்குள் பட்டியல். வெளிப்பட்டியலில் நிலையங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு பட்டியல். அதற்குள்தான் பிஎம் 2.5 என்ற நுண்துகள், கார்பன் மோனாக்சைடு என்று மாசுவாரியாக எண்கள். எல்-அப்ளை வெளிக்கதவை மட்டும் தட்டும். ஆனந்த் விஹார் என்ற பெட்டியை மூடியோடு எடுத்து "இதற்குச் சராசரி போடு" என்று நீட்டும். பெட்டிக்கு ஏது சராசரி?

"இதுக்கு ஆர்-அப்ளை போடணும்மா" என்றேன். பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கி, அடியில் இருக்கும் மதிப்புகள்மேல் சார்பை ஓட்டுவது அது. "சரிக்கா. அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது? எங்க காலேஜ் ஜூனியருங்களுக்கு எழுதி அனுப்பணும்." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வாய்க்கு வந்த 'பயன்படுத்துதல்' என்ற சொல்லை எனக்கே பிடிக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆர்-அப்ளையில் உள்ள 'ஆர்', ஆர் மொழியின் பெயர் அல்ல. 'ரிகர்சிவ்', அதாவது தன்னையே மறுபடி அழைப்பது என்பதன் முதலெழுத்து அது. எல்-அப்ளையின் 'எல்' லிஸ்ட். எஸ்-அப்ளையின் 'எஸ்' சிம்ப்ளிஃபை, அதாவது விடையைச் சுருக்கித் தருவது. ஒரே குடும்பம், முன்னெழுத்து மட்டும் வேறு. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கிய எஸ் என்ற மொழியின் வழிவந்தது ஆர். அதை உருவாக்கியவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும். முதல் முழுப் பதிப்பான 1.0.0 வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29. ஆனால் 'அப்ளை' என்ற சொல்லாட்சி அதைவிடப் பழையது. 1930-களில் கணித அறிஞர் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்ப்டா கணக்கியலில் சார்பை மதிப்பின்மேல் 'அப்ளை' செய்வதுதான் அடிப்படைச் செயல். லிஸ்ப் மொழியை விளக்கி 1960-இல் ஜான் மெக்கார்த்தி எழுதிய கட்டுரையில் 'அப்ளை' என்ற பெயரிலேயே ஒரு சார்பு உண்டு. லிஸ்ப் என்பதே பட்டியல் செயலாக்கம் என்பதன் சுருக்கம்தானே.

இனி வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். 'அப்ளிகாரே' என்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி சேர்த்தல். தமிழிலும் மடி, மடங்கு, மடக்கு எல்லாம் ஒரு குடும்பம். இருமடங்கு என்று எண்ணுவதும் மடிப்பை வைத்துத்தான். நிரலில் 'லூப்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வைத்த சொல் மடக்கு. இதை வைத்தவர் யாராக இருந்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. மடக்கு என்பது நம் அணியிலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர்: வந்த எழுத்துத்தொடரே மறுபடி வரும், ஆனால் வரும்போதெல்லாம் பொருள் வேறு. லூப்பும் அப்படித்தான். அதே வரி திரும்பத் திரும்ப ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருக்கும் மதிப்பு வேறு.

அப்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செயலிகளின் தமிழ் முகப்பில் அந்தப் பொத்தானுக்கு 'விண்ணப்பி' என்று போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தின் அளவை மாற்ற யாருக்கு விண்ணப்பம் போடுவது? வீட்டில் களிம்பை 'அப்ளை பண்ணு' என்கிறோம்; அது தடவுதல். சந்தனத்தை அப்பு என்கிறோமே, அந்த அப்புக்கும் அப்ளைக்கும் ஒலியில்தான் உறவு, வேரில் இல்லை. 'பயன்படுத்து' என்பதில் தவறு இல்லை, ஆனால் எதை எதன்மேல் என்ற திசை அதில் கிடையாது. கத்தியையும் பயன்படுத்தலாம், குடையையும் பயன்படுத்தலாம். லத்தீன் வேருக்கு மிக அருகில் நிற்பது 'பொருத்து'. எனக்கும் அதன்மேல் ஒரு கண் இருந்தது. ஆனால் புள்ளியியலில் அந்த நாற்காலி காலியாக இல்லை. தரவுக்கு வளைவரை பொருத்துதல், மாதிரியைப் பொருத்துதல் என்று 'ஃபிட்' அதில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

வழி காட்டியது டெல்லிதான். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இந்தியில் எப்போதும் சொல்வது: "லிஸ்ட் பர் ஃபங்ஷன் சலா தோ." பட்டியல்மேல் சார்பை ஓட்டிவிடு என்று அர்த்தம். சல்னா என்றால் போவது, சலானா என்றால் போகவைப்பது. தமிழில் செல், செலுத்து. அம்பைச் செலுத்துகிறோம், வண்டியைச் செலுத்துகிறோம், கவனத்தை ஒன்றின்மேல் செலுத்துகிறோம், அதிகாரத்தை ஊர்மேல் செலுத்துகிறோம். செலுத்து என்றாலே எதன்மேல் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. எனக்கு வேண்டிய திசை அதில் கிடைத்தது. கட்டணம் செலுத்துவதும் உண்டுதான். நிரல் பேசும் இடத்தில் யாரும் அதை நினைக்க மாட்டார்கள்.

'ஃபங்ஷன்' என்பதற்கு நிரலாக்கப் பாடத்தில் செயற்கூறு, கணக்குப் பாடத்தில் சார்பு. இங்கே நான் சார்பின் பக்கம். இந்தக் குடும்பத்தில் ஒரு மதிப்பு உள்ளே போனால் ஒரு மதிப்பு வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். அது கணக்கு வகுப்பில் படித்த சார்பேதான்.

அடுத்தது 'நெஸ்டட்'. நெஸ்ட் என்றால் பறவைக்கூடு. சமஸ்கிருதத்தின் நீடமும் ஆங்கிலத்தின் நெஸ்டும் ஒரே வேரில் கிளைத்தவை, உட்காரும் இடம் என்ற பொருளில். ஆங்கிலத்தில் அது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டி வரிசைக்கும் பெயராகி, அந்த வழியில் நிரலுக்குள் வந்தது. நம் பாடநூல்களில் 'பின்னலான' என்று இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பின்னல் என்றால் மூன்று கால் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றை மாற்றிப்போடுவது. பட்டியலுக்குள் பட்டியலில் எந்த இழையும் எதையும் தாண்டுவதில்லை. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது. 'கூட்டுப் பட்டியல்' என்றால் கூட்டல் கணக்கு என்று நினைப்பார்கள்.

எங்கள் அம்மாவின் பித்தளை அடுக்கு நினைவுக்கு வந்தது. பெரிய பாத்திரத்துக்குள் அடுத்தது, அதற்குள் அதைவிடச் சின்னது, கடைசியில் கைப்பிடி அரிசி கொள்ளும் குட்டி. பரணில் பார்த்தால் ஒரே பாத்திரம்போலத்தான் இருக்கும். 'அடுக்கு' என்று மட்டும் சொன்னால் இன்றைக்கு அடுக்குமாடிதான் கண்முன் வரும், ஒன்றன்மேல் ஒன்று. அதனால் முன்னால் ஒரு 'உள்' சேர்த்து, உள்ளடுக்குப் பட்டியல். வீட்டில் மிளகு, சீரகம், கடுகு போட்டு வைக்கும் அஞ்சறைப் பெட்டி ஓரடுக்குப் பட்டியல். அந்தப் பெட்டிகள் நாலைந்தை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினால் உள்ளடுக்குப் பட்டியல்.

மீதி இருப்பது 'ரிகர்சிவ்'. பாடநூல் சொல் தற்சுழற்சி. பொதுவான பேச்சுக்கு அது போதும். ஆர்-அப்ளைக்குப் போதவில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் இங்கே யாரும் நின்ற இடத்தில் சுற்றுவதில்லை. கையில் வந்தது பட்டியலா என்று பார்க்கிறது. பட்டியல் என்றால் அதற்குள் இறங்கித் தன்னையே மறுபடி அழைக்கிறது. பட்டியல் இல்லையென்றால் சார்பைச் செலுத்திவிட்டு விடையோடு மேலே ஏறுகிறது. இதற்குத் தமிழில் ஆயிரம் வருடக் கதைமரபே இருக்கிறது: கூடு விட்டுக் கூடு பாய்தல். மூலன் என்ற இடையனின் உடலுக்குள் புகுந்த திருமூலர், திரும்பி வந்து பார்த்தபோது தம் பழைய உடலைக் காணவில்லை என்பார்கள். திரும்பும் வழி இல்லாத பாய்ச்சல் நிரலிலும் நடக்கும். எங்கே நிற்பது என்று சொல்லாமல் தன்னைத்தானே அழைக்கும் சார்பை எழுதிப் பாருங்கள். உள்ளடுக்கு மிக ஆழமாகப் போய்விட்டது என்று ஆர் கையை விரிக்கும். வழக்கமான வரம்பு 5,000. அந்தப் பிழைச்செய்தியிலும் 'நெஸ்டட்' என்ற சொல்தான் இருக்கிறது.

அடுக்கடுக்காக உள்ளே புகுந்து அடிவரை போவதை ஊடு என்ற ஒரு சொல் காட்டிவிடுகிறது: ஊடுருவல், ஊடுபாவு, ஊடுகதிர். ஆகவே எல்-அப்ளை செலுத்தல், ஆர்-அப்ளை ஊடுசெலுத்தல்.

அவள் மடிக்கணினிக்குத் திரும்புவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனந்த் விஹாருக்குள் பிஎம் 2.5: 210, 190, 230. கார்பன் மோனாக்சைடு: 2.1, 1.8, 2.4. சராசரியை ஊடுசெலுத்தினால் 210-உம் 2.1-உம் கிடைக்கும். எந்த உருவில் கிடைக்கும் என்பதை 'ஹவ்' என்ற உள்ளீடு முடிவு செய்யும். ஒன்றும் சொல்லாவிட்டால் அடுக்கெல்லாம் கலைந்து ஒரே நீள வரிசையாக வரும். நிலையத்தின் பெயரும் மாசின் பெயரும் நடுவில் புள்ளி வைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். 'ரீப்ளேஸ்' என்றால் அடுக்கு கலையாமல், இருந்த இடத்திலேயே மதிப்பு மாறும். 'கிளாசஸ்' என்பதில் எண் வகை மட்டும் என்று சொல்லிவிட்டால் நிலையத்தின் முகவரி போன்ற எழுத்துத் துணுக்குகளைத் தொடாமல் விட்டுவிடும். 'லிஸ்ட்' என்று கொடுத்தாலும் அடுக்கு கலையாது. ஆனால் வகை பொருந்தாத முகவரிகள் இருந்த இடத்தில் வெறுமை நிற்கும். எனக்கு இது ஒருமுறை அரை நாளைத் தின்றது.

அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் விழுந்தவள் நானே. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர வரையறையில் பிஎம் 2.5-க்கு 24 மணி நேர அளவு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். கார்பன் மோனாக்சைடுக்கு மட்டும் மில்லிகிராம் கணக்கு, 8 மணி நேரத்துக்கு 2. எல்லாவற்றையும் மைக்ரோகிராமுக்குக் கொண்டுவர நினைத்து, ஆயிரத்தால் பெருக்கும் சார்பை ஊடுசெலுத்தினேன். வரைபடத்தில் பிஎம் 2.5 இரண்டு லட்சத்தில் நின்றது. டெல்லிக் காற்று மோசம்தான், ஆனாலும் அந்த அளவுக்கு இல்லை.

ஆர்-அப்ளை அடிமட்டத்து மதிப்பை மட்டும் சார்பின் கையில் கொடுக்கிறது. அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, பெட்டியின் பெயர் என்ன என்று சொல்வதில்லை. பிஎம்மும் எண், மோனாக்சைடும் எண். வகையை வைத்துப் பிரிக்கவும் வழியில்லை. இப்படிப் பெயர் தெரிய வேண்டிய வேலைக்கு ஊடுசெலுத்தல் ஆகாது. நிலையங்கள்மேல் ஒரு செலுத்தல், அதற்குள் மோனாக்சைடை மட்டும் பெயர் சொல்லி எடுத்து மாற்றல் என்று எழுதவேண்டும். பெயரையும் கையில் கொடுக்கும் ஆர்ஆர்-அப்ளை என்ற தனிப் பொதியும் (பேக்கேஜ்) இருக்கிறது. எத்தனையாவது அடுக்கு என்று எண் சொல்லி அங்கே மட்டும் செலுத்த, பர் பொதியில் மேப்-டெப்த் உண்டு. நான் பெரும்பாலும் அடுக்கைக் கலைத்து நீள அட்டவணையாக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம்.

பாத்திரத்தைக் கதையில் கொண்டுவந்தது அவளுக்குப் பிடித்துப்போனது. ஊடுசெலுத்தல் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகவே வாங்கிக்கொண்டாள். நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி: "அக்கா, ஜூனியருங்களுக்கு அனுப்பிட்டேன். எம்-அப்ளைக்கு என்னன்னு கேக்குறாங்க." இரண்டு பட்டியல்களை அருகருகே பிடித்து, இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக எடுத்து ஒரே சார்புக்குள் அனுப்புவது அது. இணைசெலுத்தல் என்று அடித்தேன். அனுப்புவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது: "ஜோடி போட்டு விடுறதுன்னு சொல்லிட்டேன்க்கா, புரிஞ்சுருச்சு."