கிங் கவுண்ட்டியில் குறைந்தபட்ச ஊதியம்: எந்த எல்லைக்குள் வேலை என்பதே கணக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய கிங் கவுண்ட்டி நம் ஊர் மாவட்டத்தைப் போன்றதொரு நிர்வாகப் பிரிவு. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 22.7 லட்சம் பேர் அங்கே வசிக்கிறார்கள். அமேசானின் தலைமையகம் சியாட்டிலிலும், மைக்ரோசாப்ட் ரெட்மண்டிலும், போயிங் 737 விமானங்களின் பாகங்களைப் பொருத்தி உருவாக்கும் ஆலை ரென்டனிலும் இருப்பதால், கவுண்ட்டி என்றதும் பெரிய சம்பளங்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சம்பளக்காரர்களுக்குச் சமைப்பவர்களும், அவர்களுடைய அலுவலகங்களைத் துடைப்பவர்களும், விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்களும் பெரும்பாலும் மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்கள். அவர்களும் அதே வாடகைச் சந்தையில்தான் வீடு தேட வேண்டியிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் அங்கே தேர்தல் வாக்கெடுப்பு வரை போனதற்கு இது முக்கியக் காரணம்.

இந்தக் கவுண்ட்டி முழுவதற்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம் என்று எதுவும் கிடையாது. மாநில அரசு நிர்ணயிக்கும் தொகை எல்லோருக்கும் அடித்தளம். அதற்கு மேல் தர வேண்டும் என்று ஒரு நகரமோ கவுண்ட்டியோ சட்டம் இயற்றியிருந்தால், அந்த எல்லைக்குள் நடக்கும் வேலைக்கு எது அதிகமோ அதையே தர வேண்டும். 2025-ஆம் ஆண்டில் மாநிலத் தொகை மணிக்கு 16.66 டாலராகவும், சியாட்டில் நகரத் தொகை 20.76 டாலராகவும் இருந்தன. வாரம் 40 மணி நேரம் உழைத்தவருக்கு இந்த இடைவெளி வாரத்துக்கு 164 டாலர். சியாட்டிலுக்குக் கிழக்கே ஏரியின் மறுகரையில் உள்ள, தனிச் சட்டம் இல்லாத பெல்வியூ நகரில் மாநிலத் தொகையே பொருந்தும். ஏரியைத் தாண்டிச் சியாட்டிலுக்குள் வந்து அதே வேலையைச் செய்தால் கூலி உயர்ந்துவிடும். தொழிலாளி எங்கே குடியிருக்கிறார், முதலாளியின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்பவற்றை இந்தக் கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. வேறு ஊரில் வேலை செய்பவர் இரண்டு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சியாட்டிலுக்குள் வேலை செய்தால், அந்த நேரத்துக்கு நகரத் தொகையைத் தர வேண்டும்.

பலர் ஏமாறுவது முகவரியில்தான். சியாட்டிலின் தென்மேற்கில் ராக்ஸ்பரி தெரு இருக்கிறது. அதன் வடக்குப் பக்கம் நகரம், தெற்குப் பக்கம் ஒயிட் சென்டர் என்னும், எந்த நகராட்சியிலும் சேராத பகுதி. இரண்டு பக்கத்துக் கடைகளின் அஞ்சல் முகவரியிலும் ‘சியாட்டில்’ என்றே இருக்கும். 2024-இல் வடக்குப் பக்கத்துப் பெரிய நிறுவனம் 19.97 டாலர் தர வேண்டியிருந்தபோது, எதிர்ச்சாரியில் மாநிலத் தொகையான 16.28 டாலர் கொடுத்தாலே சட்டப்படி போதும். ஒரு தெருவின் அகலத்துக்கு மூன்று டாலருக்கு மேல் வித்தியாசம் என்பது எந்த நியாயத்திலும் அடங்காத ஒன்று. நகராட்சியில் சேராத பகுதிகளுக்கென்று கவுண்ட்டி மன்றம் 2024-இல் தனிச் சட்டம் இயற்றிய பிறகே இது குறைந்தது. 2025 ஜனவரி 1 அன்று அங்கே பெரிய நிறுவனங்களுக்கு 20.29 டாலர் என்றும், சிறு நிறுவனங்களுக்கு அதைவிடக் குறைவாகவும் தொடங்கி, ஆண்டுதோறும் ஏறுமாறு சட்டம் எழுதப்பட்டுள்ளது.

இந்தப் போக்கைத் தொடங்கி வைத்தது சியாட்டில் அல்ல, விமான நிலையத்தைச் சூழ்ந்த சிறு நகரமான சீடாக். 2013 நவம்பரில் அந்நகர வாக்காளர்கள் வெறும் 77 வாக்கு வித்தியாசத்தில் 15 டாலர் ஊதியத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் அல்லாமல் விடுதி, போக்குவரத்துத் துறைகளில் இருப்பவர்களுக்கு உரியது. அது விமான நிலையத்துக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதை மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதி செய்தது. அருகிலுள்ள நகரங்களான டக்விலாவும் ரென்டனும் பின்னர் வாக்கெடுப்பின் வழியாகவே தங்கள் தொகையை உயர்த்திக்கொண்டன.

உணவகத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் காட்டி முதலாளி கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். வாஷிங்டனில் அது செல்லாது, டிப்ஸ் கூலிக்கு மேல்தான். உடல்நலக் குறைவுக்கான ஊதிய விடுப்பும் மாநிலம் முழுவதும் உண்டு: 40 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் வீதம் சேரும். 14, 15 வயதுச் சிறாருக்கு மட்டும் மாநிலச் சட்டம் 85 விழுக்காடு கூலியை அனுமதிக்கிறது.

மாநிலத் தொகை விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று மாறுவதால், ஆண்டின் முதல் சம்பளச் சீட்டைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கூலி குறைந்திருந்தால் மாநிலத்தின் தொழிலாளர், தொழில்துறைத் துறையிடம் புகார் தரலாம்; சியாட்டிலுக்குள் என்றால் நகரின் தொழிலாளர் தர அலுவலகத்திடம் தரலாம். மூன்று ஆண்டு வரையிலான பாக்கியைக் கேட்கலாம், குடியேற்ற நிலை இதற்குத் தடையாகாது, புகார் தந்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் குற்றம். புகாருக்குப் போகும்போது சம்பளச் சீட்டோடு, எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று சொந்தமாக எழுதி வைத்த குறிப்பையும் எடுத்துச் செல்ல வேண்டும். இடம் எழுதப்படாத குறிப்பு இந்தக் கவுண்ட்டியில் பாதிக் குறிப்புதான்.